எத்தனை மணிக்குத் தெரியும்?

பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஊரில் ஒற்றை ஆளாக வீட்டைக் கட்டிக் காக்கும் எந்த அம்மாவும் இந்தப் பேச்சிலிருந்து தப்ப முடியாது: "இந்த வயசுல தனியாக் கெடந்து என்னாத்துக்கு அல்லாடணும்? மவங்கிட்டப் போயிட வேண்டியதுதான? ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பாக்கறது?" அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சியிலும் இதே பேச்சுத்தான். சொல்கிறவர்கள் நல்ல மனசோடு சொல்கிறார்கள். அதனாலேயே யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நான் பேசப் போகிறேன்.

தனியாக இருப்பதே ஆபத்து, அதற்கு மருந்து பிள்ளை வீடு என்பது அந்தப் பேச்சின் அடித்தளம். பிள்ளை வீடு ஒத்துவரவில்லை என்றால் கிரில் கேட், பூட்டு, கேமரா. அதற்கும் வசதி இல்லையென்றால், "கிராமந்தான, ஊரு பாத்துக்கும்." மூன்றுமே குறி தவறியவை. தனியாக இருப்பவருக்கு நேரும் கெடுதல்கள் கூட்டுக் குடும்பத்தில் இருப்பவருக்கும் நேர்கின்றன. வழுக்கி விழுவது, பாம்பு கடிப்பது, நெஞ்சு அடைப்பது எல்லாம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. வேறுபாடு ஒன்றே ஒன்று: நடந்தது இன்னொருவருக்கு எத்தனை மணிக்குத் தெரியவருகிறது? தனியாக இருப்பவரின் பாதுகாப்பு முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். நம் ஏற்பாடுகளோ வேறு ஏதேதோ கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருக்கின்றன.

முதலில் திருடனைப் பார்த்துவிடுவோம். பயம் அங்கேதான் தொடங்குகிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 மே தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். அதற்குப் பிறகு கேமராப் பேச்சும், "தனியா இருக்காதீங்க" என்ற உபதேசமும் சூடுபிடித்தன. ஆனால் செய்தியைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். பல்லடத்தில் இருந்தவர் தனி ஆள் இல்லை. தாய், தகப்பன், அன்று வந்திருந்த மகன் என மூவர். சிவகிரியில் இருவர். வீட்டுக்குள் ஆள் இருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. சிவகிரியில் அதைவிட உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. மகன் போன் அடித்து அடித்தும் யாரும் எடுக்காமல், உறவினர்களை அனுப்பிப் பார்த்த பிறகுதான் நடந்தது வெளியே தெரிந்தது. அதற்குள் சில நாள்கள் ஓடியிருந்தன. கொலையைப் பற்றி மாநிலமே பேசியது. அந்தச் சில நாள்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

திருடனே வராத வீடுகளில் என்ன நடக்கிறது? விழுகிறார்கள். உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு; விபத்துச் சாவுகளில் சாலைக்கு அடுத்த இடம் இதற்குத்தான். கொல்லைப்புறத்துப் பாசி, குளியலறை மொசைக், வாசற்படி, இருட்டில் காலை இடறும் மிதியடி. இவ்வளவுதான் ஆயுதங்கள். விழுவதில் எலும்பு முறிவது ஒரு பங்கு. எழ முடியாமல் கிடப்பது இன்னொரு பங்கு, பல நேரம் பெரிய பங்கு. ஒரே பக்கமாக மணிக்கணக்கில் தரையில் கிடந்தால் அழுந்திய தசை சிதைகிறது. அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. உடல் குளிர்ந்து நீர் வற்றுகிறது. 1981-இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு, விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர்களில் பாதிப்பேர் ஆறு மாதத்துக்குள் இறந்துபோனதைக் காட்டியது. விழுந்ததில் பெரிய காயம் படாதவர்களும் அதில் உண்டு.

கட்டுவிரியனும் இதே கணக்குத்தான். அது ராத்திரியில் வரும், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. சில நேரம் முதலில் வயிறுதான் வலிக்கும். "ராத்திரி சாப்புட்டது ஒத்துக்கல" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவார்கள். பிறகு இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, நாக்குக் குழறும். அந்தக் கட்டத்தில் போனை எடுத்தாலும் பேச வராது. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் ஆணையிட்டும் இருக்கிறது. ஆனால் ஏலாக்குறிச்சியிலிருந்து அரியலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தஞ்சாவூரோ எப்படியும் முக்கால் மணி நேரப் பாதை. அந்த முக்கால் மணி நேரம் தொடங்குவதற்கு முன்னால் வீணாகும் ஐந்தாறு மணி நேரத்தில்தான் உயிர் போகிறது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கடிகாரமும் நோய் தொடங்கிய நிமிஷத்திலிருந்து ஓடுகிறது, கதவைத் திறந்தவர் பார்த்த நிமிஷத்திலிருந்து அல்ல.

இப்போது நாம் செய்து வைத்திருக்கும் பாதுகாப்பை இந்தக் கணக்கின் எதிரே நிறுத்துங்கள். வாசலில் கிரில், அதற்குப் பூட்டு. மரக்கதவில் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒன்று, நடுவில் குறுக்குக் கம்பி. குளியலறைக்குள்ளும் தாழ். மாற்றுச் சாவி யாரிடமும் கொடுப்பதில்லை. கொடுத்தால் நகை போய்விடும் என்று மகனே சொல்லியிருப்பான். ஆறு மணிக்கே எல்லாவற்றையும் சாத்திவிட்டு, ஜன்னலையும் அடைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாயிற்று. திருடன் உள்ளே வர இருபது நிமிஷம் ஆகும், சரி. காப்பாற்ற வருகிறவனுக்கும் அதே இருபது நிமிஷம் ஆகும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பயத்தால் அடைத்த கதவு என்ன செய்யும் என்பதற்கு ஓர் ஊர் சாட்சி. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் வெப்ப அலை அடித்து ஒரு வாரத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் தனியாக வாழ்ந்த முதியவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஒன்றில் சாவு விகிதம் மற்றதைவிடச் சுமார் பத்து மடங்கு. அதிகம் செத்த பகுதியில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது, கடை கிடையாது, திருட்டுப் பயத்தில் முதியவர்கள் ஜன்னலைக்கூடத் திறக்காமல் உள்ளேயே வெந்தார்கள். குறைவாகச் செத்த பகுதியில் தெருவில் கடையும் கூட்டமும் இருந்தன. காய்கறி வாங்க, பேச, நிழலில் உட்கார வெளியே வந்தார்கள். அவர்களும் தனியாக வாழ்ந்தவர்கள்தான்.

இது நமக்குத் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு 2024-இல் அறிவித்துவிட்டது. கத்திரி வெயிலில் அரியலூர்ச் சுண்ணாம்புப் பூமி எப்படிக் காயும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறைக்குள், கதவைத் தாழிட்டுப் பகல் முழுக்க இருக்கும் எழுபது வயதுக்காரருக்குத் திருடனைவிட அந்தக் கூரைதான் எதிரி.

பூட்டு, கம்பியோடு கேமராவையும் சேர்த்துக்கொள்ளலாம். மகன் சிங்கப்பூரில் இருந்தபடியே போனில் வீட்டைப் பார்க்கிறான், பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறான். அவனிடம் ஒன்று கேட்கிறேன்: பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் உன் போனில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அம்மா விழுந்து கிடப்பதைத் திரையில் பார்த்துவிட்டு யாரை அழைப்பான்? திருச்சியில் இருக்கும் அக்காவை. அக்கா கும்பகோணத்தில் இருக்கும் சித்தப்பாவை. முப்பது அடி தூரத்தில் இருப்பவருக்குச் செய்தி முந்நூறு கிலோமீட்டர் சுற்றி வரும். கருவி இருப்பதாலேயே கை அதற்குப் போய்விடும் என்பதும் இல்லை. இங்கிலாந்தில் தொண்ணூறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அழைப்புப் பொத்தான் வைத்திருந்தும், விழுந்து நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவில்லை. சிலருக்கு எட்டவில்லை, சிலருக்கு இன்னொருவரைத் தொந்தரவு செய்யக் கூச்சம். இந்தக் கூச்சம் நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னும் கூடுதலாகவே உண்டு.

சரி, மகன் வீட்டுக்கே போய்விட்டால்? சென்னையில் மூன்றாவது மாடி. மகனும் மருமகளும் எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் திரும்ப இரவு ஏழு. பேரப்பிள்ளை பள்ளி, அப்புறம் டியூஷன். பகல் பதினோரு மணி நேரம் அந்த அம்மா தனியாகத்தான் இருக்கிறார், அதுவும் வழுக்குகிற புது டைல்ஸில், பழகாத கழிவறையில், எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல். ஊரில் கூப்பிட்டால் ஓடிவர யாராவது இருந்திருக்கலாம். இங்கே யாரைக் கூப்பிடுவது? ஊர்க் கணக்கில் அவர் 'பிள்ளையோட இருக்கார்'. கேட்கிறவருக்கு நிம்மதி. கிராமத்து வீடு பூட்டிக் கிடக்கும், நிலத்தை யாரோ உழுவார்கள், ரேஷன் கார்டு ஒரு பக்கம், பென்ஷன் இன்னொரு பக்கம் என்று இழுபறி. கைம்பெண்ணைத் "தனியா இருக்காத" என்று சொல்லி ஊரைவிட்டுக் கிளப்புவதில் சில வீடுகளில் பத்திரத்தின் மீதும் ஒரு கண் இருக்கும். இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். மறதி நோய் முற்றியவர், அடுப்பை அணைத்தோமா என்பதே நினைவில்லாதவர், படுக்கையோடு இருப்பவர் ஆகியோர் தனியாக இருக்க முடியாது. அவர்களுக்கு ஆள் வேண்டும். நான் பேசுவது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு, தன் வீட்டில் இருக்க ஆசைப்படும் பெரும்பாலோரைப் பற்றி.

இனி, "ஊரு பாத்துக்கும்" என்ற நம்பிக்கை. ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் தங்கி அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய ஊர். திருக்காவலூர் என்று அவர் பெயர் சூட்டிப் பாடிய ஊர். அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை நமக்குத் தெரியும். ஆற்றைக் கடந்த சீடர்கள் தலையை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஓர் ஆள் குறைகிறது. ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அந்த மூடர்களுக்கு, கரையேறியதும் எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. அத்தனை விவரமானவர்கள் வாழும் நம் தெருவில் யாரும் எண்ணுவதே இல்லை. காலையில் ஒரு வாசலில் கோலம் விழவில்லை. எதிர் வீட்டுக்காரர் பார்க்கிறார். "ஊருக்குப் போயிருக்கும்." பால்காரர் மணியடித்துவிட்டுப் போகிறார். "தூங்குது போல." எல்லார் கண்ணிலும் படுகிறது, அவரவர், இன்னொருவர் விசாரித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் 2024-ஆம் ஆண்டில் 76,020 பேர் தனியாக வீட்டில் இறந்துகிடந்ததாக அந்நாட்டுக் காவல்துறை கணக்குக் காட்டியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது ஒரு வாரத்துக்குப் பிறகே தெரிந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த நாடு அது.

'ஊர்' என்றால் எந்த ஊர் என்ற கேள்வியும் இருக்கிறது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடு கணக்கில் சேருமா? மேலத்தெருக்காரர் காலனியில் தனியாக இருக்கும் கிழவர் வீட்டுக்குள் நுழைந்து தூக்குவாரா? கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் காவலுக்குக் கிடக்கிறவர் எந்தத் தெருவின் ஆள்? பக்கத்து வீட்டில் இருப்பவருக்கே எழுபத்தைந்து வயது என்பது இன்றைய நிலவரம்.

ஊர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையைக் கொள்ளிடம் ஒவ்வொரு வெள்ளத்திலும் சோதித்துப் பார்க்கிறது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. திருச்சியில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் இடிந்தது, முக்கொம்பில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. மேட்டூரில் திறக்கும் வெள்ளம் நம் கரைக்கு வர ஒரு நாளுக்குக் குறையாது. ஆக, அவகாசம் இருக்கிறது. முன்பெல்லாம் தண்டோரா போட்டார்கள். 2022-இல் அரசு அதை நிறுத்தச் சொல்லிவிட்டது, மனிதர் கௌரவத்தை முன்னிட்டு நல்ல முடிவுதான். இப்போது ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கிறார்கள். ஆட்டோ தார் ரோட்டில் போகிறது. காது கேட்காத, படுகையோரக் கொட்டகையில் இருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு நாள் அவகாசத்தில் ஒரு நிமிஷம்கூடக் கிடைப்பதில்லை. தண்ணீர் சீக்கிரம் வரவில்லை, செய்திதான் வரவில்லை.

போனில் வரும் திருடனும், நடப்பதற்கும் அது இன்னொருவருக்குத் தெரிவதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான் குறிவைக்கிறான். "நாங்கள் போலீஸ், உங்கள் ஆதாரில் போதைப் பொருள் பார்சல், வீட்டைவிட்டு நகரக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது." அந்தக் கடைசி வரிதான் அவனுடைய முதலீடு. பணத்தை அனுப்பும் முன் ஒரே ஒருவரிடம் வாய்திறந்தால் கதை முடிந்தது. அனுப்பிவிட்டாலும் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்தால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. எந்தக் கிரில் கேட் இதைத் தடுக்கும்?

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? செலவில்லாதது, ஆனால் வெட்கத்தை விட வேண்டியது: நேரம் குறித்த ஓர் ஒப்பந்தம். காலை ஏழு மணிக்குள் வாசல் விளக்கு அணையும், அல்லது கோலம் விழும், அல்லது ஒரு மிஸ்டு கால் வரும். ஏழரை வரை எதுவும் இல்லையென்றால் இன்னார் வந்து கதவைத் தட்டுவார். அவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர். பெயர் சொல்லி, வாய்விட்டுக் கேட்டுப் பேசி வைக்க வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள் என்பது ஒப்பந்தம் ஆகாது. இதன் மறுபாதியைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்: வெளியூர் போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரண்டு முறை சொல்லாமல் போய், தட்டியவர் ஏமாந்தால் மூன்றாவது முறை வரமாட்டார். மாலையிலும் ஒரு முறை வைத்துக்கொண்டால், விழுந்து கிடக்கும் நேரம் அதிகம் போனால் ஓர் இரவு. அதுவும் நீண்டதுதான், ஆனால் சிவகிரியின் சில நாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாற்றுச் சாவி அந்த இருவரில் ஒருவரிடம் இருக்கட்டும். நகைதான் பயம் என்றால் நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். நகைக்காக ஆளைப் பூட்டி வைக்காதீர்கள். குளியலறையை உள்ளே தாழிட வேண்டாம், வீட்டில் யார் இருக்கிறார்கள் எட்டிப் பார்க்க? போன் டிவி மேல் இருந்தால் அது அலங்காரம். கயிறு கட்டிக் கழுத்திலோ, இடுப்புச் சுருக்குப் பையிலோ, குளிக்கும்போது தரையில் கிடந்தபடி எட்டும் உயரத்திலோ இருக்க வேண்டும். கட்டிலில் படுக்க வேண்டும், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும், எழுந்ததும் டார்ச். தினம் விழுங்கும் மாத்திரைகளின் பெயரையும் மூன்று போன் நம்பர்களையும் பெரிய எழுத்தில் எழுதி முன்கதவுக்கு உள்பக்கம் ஒட்டினால், 108-இல் வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள். 108 அழைத்ததும் "எந்த இடம், பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். பதற்றத்தில் சொல்லவராது, அதையும் எழுதி வையுங்கள். கரையோர வீடு என்றால் பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம், ஒரு வார மாத்திரை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பைக்குள், ஆடி பிறக்கும்போதே. பிள்ளைகள் செய்ய வேண்டியது, அடுத்த முறை ஊருக்கு வரும்போது பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து காபி குடித்து நம்பர் வாங்கிவருவது. கேமரா அப்புறம் இருக்கட்டும்.

அரசுக்கும் பங்கு உண்டு, சட்டப்படியே. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. தமிழ்நாடு 2009-இல் விதிகளை வகுத்தது. ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் உள்ள முதியவர்களின், முக்கியமாகத் தனியாக வாழ்பவர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். காவல் நிலையத்தின் சார்பில் ஒருவர் சமூக சேவகருடன் போய் அவர்களைப் பார்த்துவர வேண்டும். இந்த ஏற்பாட்டைச் சட்டம் படிக்காத எவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மருந்து கொடுக்க வீடு வீடாகப் போகும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் 2021-இலிருந்து இருக்கிறார்கள். யார் வீட்டில் யார் தனி என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டையும் இணைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மே 1-ஆம் தேதிக் கூட்டத்தில் வெயிலுக்காகவும், ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வெள்ளத்துக்காகவும் அந்த நோட்டைச் சரிபார்க்கலாம்: இந்தத் தெருவில் இவர், இவருக்குப் பொறுப்பு இன்னார்.

உடனே ஒரு மறுப்பு வரும் என்று தெரியும்: பட்டியல் போட்டால் தனியாக இருப்பவர் யார் என்று திருடனுக்குத் தெரிந்துவிடாதா? திருடன் பட்டியலுக்குக் காத்திருப்பதில்லை. பழைய இரும்பு வாங்குகிறவனாகவோ தேங்காய் பறிக்கிறவனாகவோ வந்து, பூட்டிய கிரில்லுக்குள் ஒற்றைச் செருப்பு ஜோடியைப் பார்த்தே கணக்கை முடித்திருப்பான். நோட்டுப் புத்தகம் இல்லாமல் தவிப்பது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆற்றில் தண்ணீர் ஏறும்போது எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியாமல் தெருமுனையில் நிற்கும் கிராம நிர்வாக அலுவலர்தான்.